புள்ளி ஒட்டாத முக்காலி

அக்கா வேலையை விட்ட அன்று எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. அழுவதற்கு முதலில் விஷயம் புரிந்திருக்க வேண்டும். "இன்டீரியர் டிசைன் பண்ணப் போறேன்" என்று அவள் சொன்னபோது, அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தாமலேயே, "அதுக்கும் கம்ப்யூட்டர்தானே?" என்றார்.

"வரையறதுக்குக் கம்ப்யூட்டர்தான்ப்பா."

அப்பா திருப்தியாகப் பக்கத்தைப் புரட்டினார். பெயின்ட் வாசனையும் மரத்தூள் ஒட்டிய முடியுமாக அவள் வீட்டுக்குள் நுழைந்த ஒரு நாளில்தான் அவருக்கு விவரம் எட்டியது. அம்மாவின் வழி வேறு. சொந்தக்காரர்கள் கேட்டால், "டிசைன் பண்றா" என்பாள். அவர்களாகவே அதைச் சாஃப்ட்வேர் என்று எடுத்துக்கொள்வார்கள். அம்மா பொய் சொல்லவில்லை. கேட்டவர்களின் கற்பனையில் தலையிடவில்லை, அவ்வளவுதான்.

அக்காவின் பழைய வேலையைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருள். பழசு. ஆள் மாற்றி ஆள் எழுதி, யார் எதற்காக எழுதினார்கள் என்றே தெரியாத பகுதிகள் அதற்குள் மலைமலையாகக் கிடந்தன. அவற்றில் எது உயிரோடிருக்கிறது, எது செத்துவிட்டது என்று கண்டுபிடித்து, செத்ததை வெட்டி எறிவது அவள் வேலை. வழியும் சுலபம். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஒரு பொறியை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். யாராவது அந்தப் பகுதியைப் பயன்படுத்தினால் அதில் ஓர் அடையாளம் விழும். கடைசிவரை விழாவிட்டால் அது செத்தது. வெட்டு. ஆபீசில் அக்காவுக்குக் 'கத்தரி' என்று பெயர். பாராட்டு விழாவில் கேக் வெட்டக்கூட அவளைத்தான் கூப்பிடுவார்களாம், யாருடைய பாராட்டாக இருந்தாலும்.

"நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. ஏன்டி விட்ட?" என்று அம்மா கேட்டுப் பார்த்தாள்.

"நாள் முழுக்க வேலை பாத்துட்டு வந்தா கண்ணால பாக்க ஒண்ணுமில்லம்மா. இருந்தது ஒண்ணு இல்லாம போயிருக்கும். அதுதான் என் சாதனை. ஒரு அலமாரி பண்ணினா அது அங்க நிக்கும். தொட்டுப் பாக்கலாம்."

"அலமாரியத் தொட்டுப் பாக்கறதுக்கா உன்ன இவ்ளோ படிக்க வெச்சோம்?"

வாரக்கடைசி வகுப்புகளுக்குப் போய்ப் படித்தாள். படித்ததைப் பரீட்சித்துப் பார்க்க ஓர் அறை தேவைப்பட்டது. அப்பா அம்மா அறையில் கை வைத்தால் கை மிஞ்சாது. அவள் அறையில் வைத்தால் அவள் எங்கே தூங்குவது? ஆகவே முறைப்படி வீட்டில் கூடிப் பேசி, என்னை மட்டும் கூப்பிடாமல், என் அறையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அக்கா என்னிடம் ஒரு தாள் நிறையப் பச்சை நிற வட்ட ஸ்டிக்கர்களைக் கொடுத்தாள்.

"டேய், ரூம்ல எந்தப் பொருளத் தொட்டாலும் அதுல ஒண்ணு ஒட்டணும். பொய்யா ஒட்டாத."

"எதுக்கு?"

"எதுல புள்ளி இல்லையோ அது செத்தது. தூக்கிடுவேன்."

நான் நேர்மையானவன். மாதக் கடைசியில் என் கட்டிலுக்கு அம்மை போட்டிருந்தது. படிக்கிற மேசை மாசுமருவற்று இருந்தது. மேசை போயிற்று.

"படிக்கிற பையன் ரூம்ல மேசை இல்லையா?" என்று அப்பா வந்து நின்றார். அக்கா கதவோரம் நகர்த்தியிருந்த மேசையைச் சுட்டிக் காட்டினாள். அப்பா மேசையைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் இத்தனை சுருக்கமான மதிப்பெண் சான்றிதழ் எனக்கு வந்ததில்லை. மேசையை அக்கா கூடத்துக்கு இழுத்துப்போய்த் தன் வரைபட மேசையாக்கிக்கொண்டாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அறை நன்றாக வந்திருந்தது. விளக்கு சுவிட்ச் அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதைத் தவிர. கட்டில் சன்னலோரம் நகர்ந்திருந்தது, சுவரில் ஒரு பக்கம் மட்டும் மங்கிய மஞ்சள், காலையில் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டு மெதுவாக அறை முழுக்கப் பரவியது. கதவைத் திறந்தால் யாரோ "வாப்பா" என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அம்மா காரணமே இல்லாமல் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். கேட்டால், "ஃபேன் நல்லா சுத்துது" என்பாள். அது பழைய ஃபேன்தான்.

அப்பா இறங்கி வந்தார். அவர் இறங்கி வந்தால் ஒரு நிபந்தனையோடுதான் வருவார். "வெளியாள் வீடு ஒண்ணு பண்ணு. அவங்க வாயால நல்லாயிருக்குன்னு சொல்லட்டும். அப்புறம் உன் இஷ்டம். இல்லைன்னா பேசாம ஆபீசுக்குத் திரும்பிடு." ஆபீஸ் காத்திருந்தது. மேனேஜர் அடிக்கடி போன் செய்து, "கத்தரி இல்லாம இங்க காடு மண்டிக் கெடக்கும்மா" என்று புலம்புவார்.

அந்த ஒரு வீடு ரெண்டுவேளை மாமாவின் வீடு.

தெரு முனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். எதைக் கொடுத்தாலும் "சாப்பிட்டப்புறம், ரெண்டு வேளை" என்று சொல்லித்தான் கொடுப்பார். ஒருமுறை நான் பஞ்சு வாங்கினேன். அதற்கும் சொன்னார். அத்தை இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேறு ஊரிலிருந்த அவர் மகள் அக்காவைப் போனில் பிடித்தாள். "அப்பா அந்த வீட்டுக்குள்ள அப்படியே உறைஞ்சு போயிட்டாருங்க. எல்லாத்தையும் மாத்திடுங்க. உள்ள வந்தா புது வீடு மாதிரி இருக்கணும்."

அக்கா பச்சை ஸ்டிக்கர் தாள்களோடு போய் நின்றாள். மாமா கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"எத்தனை வேளைம்மா?"

"தொடும்போதெல்லாம் மாமா."

"ஓ. தேவைப்படும்போது." தலையாட்டிக்கொண்டார். அந்த வகை மருந்தும் அவர் கடையில் உண்டு.

அவரைப்போல் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆளை அக்கா அதற்குமுன் பார்த்ததில்லை. குழாயில் புள்ளி, செருப்பில் புள்ளி, டி.வி. ரிமோட்டில் எண்ணே தெரியாத அளவுக்குப் புள்ளி. அதோடு அவள் நிற்கவில்லை. காலை வேளைகளில் அவர் வீட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, அவர் எங்கே நடக்கிறார், எங்கே நிற்கிறார், எதற்குக் குனிகிறார் என்று வரைந்தும் எழுதியும் கொண்டு வந்தாள். வீட்டில் சாப்பிடும்போது அதே பேச்சு.

"அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவுல ஒரு முக்காலி கெடக்குதும்மா. குட்டையா, ஒரு காலுக்கு சைக்கிள் ட்யூபு சுத்தி. டீ போடறப்பல்லாம் பாவம், அதச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு போறாரு. பால் எடுக்க ஒரு வளைசல், சக்கரை எடுக்க ஒரு வளைசல். என்னிக்காவது இடிச்சுக்கப் போறாரு. அதுல ஒரு புள்ளி கெடையாது."

"வயசானவரு. வழுக்கி விழுந்து வெக்கப் போறாரு. மொதல்ல அத எடுத்துடு" என்றாள் அம்மா.

அக்காவின் முகத்தில் அன்று ஒரு மினுமினுப்பு. மற்றவர் கண்ணில் படாத கோளாறு தன் கண்ணில் பட்டுவிட்டால் அவளுக்கு வரும் மினுமினுப்பு. அதை நான் அறிவேன், பெரும்பாலும் அந்தக் கோளாறு நான்தான்.

வரைபடத்தை மாமாவிடம் காட்டினாள். அவர் பார்த்து, "நல்லாயிருக்கும்மா" என்றார். வேலை தொடங்கியது. மாமா தன் தம்பி வீட்டுக்குப் போய்த் தங்கிக்கொண்டார். அக்கா காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். விரல் நுனிகளில் பிசின் காய்ந்திருக்கும். தச்சரோடு சண்டை, டைல்ஸ்காரரோடு சண்டை, திரும்பி வந்து அந்தச் சண்டைகளை இரண்டு குரலில் எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். அவள் இவ்வளவு பேசுவாள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். ஆபீஸ் காலத்தில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள்.

வேலை முடிந்ததும் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டாள். கல்லூரிப் புகைப்படக் குழுவின் செயலாளர் நான். உறுப்பினரும் நான்தான்.

மாமா புது வீட்டைப் பார்க்க வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கால்விரலால் தரையைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்தார். சமையலறையில் மேடைக்குக் கீழே வரிசையாக இழுப்பறைகள். ஒன்றைத் தள்ளினார். அது பாதி வழியில் நிதானித்து, சத்தமே இல்லாமல் தானாக மூடிக்கொண்டது. இன்னொரு தடவை திறந்து தள்ளினார்.

"அடேங்கப்பா. உங்க அத்தை இருந்திருந்தா இதோட சண்டைதான். அவளுக்கு டொப்புன்னு சாத்தணும். சாத்தினா தெருவுக்கே தெரியணும்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவர் எல்லா இழுப்பறைகளையும் ஒரு சுற்று தள்ளி முடித்து, "ரொம்ப நல்லாயிருக்கும்மா" என்றார். அந்த வாக்கியத்துக்காகத்தான் வீடே காத்திருந்தது. அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அப்பாவிடம் சாட்சி சொல்ல நான் இருந்தேன்.

"இருங்க, டீ போடறேன். குடிச்சிட்டுத்தான் போகணும்."

"அப்படியே போடுங்க மாமா, இவன் படம் எடுக்கட்டும்" என்றாள் அக்கா. ஆள் புழங்குகிற மாதிரி ஒரு படம் அவளுக்கு வேண்டியிருந்தது.

நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். மாமா அடுப்பைப் பற்றவைத்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து பாலை எடுத்தார். இடையில் பளபளவென்று வெறும் தரை. அவர் திரும்பி, இடது பக்கமாக ஒதுங்கி, இடுப்பைக் கொஞ்சம் ஒடுக்கி, ஒரு வளைசல் வளைந்து அடுப்புக்கு வந்தார். சர்க்கரைக்குப் போனார். வளைந்து போனார். வளைந்து வந்தார். பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே, தரையைப் பார்க்காமலே, கால் தானாக அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

நான் கேமராவை இறக்கிவிட்டேன். அக்கா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"மாமா," என்றாள், "நேரா வரலாமே. இப்ப அங்க ஒண்ணுமில்லையே."

மாமா நின்று தரையைப் பார்த்தார்.

"ஆமால்ல?" என்றார். பிறகு, பேனாவை எங்கே வைத்தேன் என்று கேட்பதுபோல, "முக்காலிய எங்கம்மா வெச்சிருக்க?"

அடுப்பில் பால் பொங்கி வந்தது. அவரே அணைத்தார்.

"அதுல புள்ளியே இல்லையே மாமா" என்றாள் அக்கா. குரல் அவளுடையது மாதிரி இல்லை.

"நீ தொட்டா ஒட்டச் சொன்னியேம்மா. அத நான் தொடறதில்லையே. தொட்டா நகந்துடுமே."

ரெண்டு வேளை என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா. வரைபடம் காட்டினேனே."

"படத்துல முக்காலியெல்லாம் போட மாட்டீங்கன்னு நெனச்சேன். சின்னப் பொருள்தானே. அதெல்லாம் அது பாட்டுக்கு இருக்கும்னு..." டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தார். "காலைல டீ எப்பவும் நான்தான் போடுவேன். அவ அதுல உக்காந்துக்கிட்டு, சக்கரை போதும், போதும், போதும்ங்கறேன்னு சொல்லிட்டே இருப்பா. இல்லைன்னா எனக்குக் கை நிக்காது."

டீ பாகாக இருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரு சொட்டு விடாமல் குடித்தோம்.

முக்காலி என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. பெயின்டர்கள் அதன்மேல் ஏறி நின்று சமையலறைக் கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். அடித்து முடித்ததும் அது பெயின்ட் வழிந்த ஒரு கட்டை. உடைத்தெடுத்த பழைய மேடைக் கற்களோடு அதையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அக்கா சொன்னபடிதான் செய்தார்கள். குப்பை கொட்டுமிடத்துக்கு நானும் அவளும் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய மேடு, அதற்குப் பின்னால் இன்னொரு மேடு. அங்கிருந்த காவலாளி, "என்ன தேடறீங்க?" என்றார். "ஒரு முக்காலி" என்றேன். அவர் மேட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எல்லாவற்றையும் படமெடுத்து வைக்கிற வழக்கம் அக்காவுக்கு உண்டு. பழைய முக்காலியின் படத்தை வைத்துத் தச்சரிடம் அதே உயரத்தில், அதே மாதிரிப் பழைய மரத்தில் ஒரு முக்காலி செய்யச் சொன்னாள். ஒரு காலுக்குச் சைக்கிள் ட்யூபைத் தானே சுற்றினாள். கொண்டுபோய்க் கொடுத்தோம்.

"அட! அதே மாதிரி இருக்கே!" மாமாவுக்கு உண்மையிலேயே சந்தோஷம். இரண்டு கையாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அதை வாசலுக்கருகில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, குனிந்து செருப்பின் வாரை மாட்டினார்.

"நல்ல உயரம்மா. முதுகு வலிக்கல."

அவர் கடைக்குக் கிளம்பினார். அக்கா அந்த முக்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இதோடு அவள் தோற்றுப்போயிருந்தால் கூடத் தேவலை. அப்பா நிபந்தனை வைத்தபோது ஜெயித்துத் தொலைத்துவிடும் வாய்ப்பை யாரும் யோசிக்கவில்லை. ரெண்டுவேளை மாமா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அக்காவைப் புகழ்ந்தார். இருமலுக்கு வந்தவர்களும் எங்கள் வீட்டு எண்ணை வாங்கிக்கொண்டு போனார்கள். போன் வந்துகொண்டே இருந்தது. அப்பா ஒரு நாள் செய்தித்தாளைத் தாழ்த்தியே சொல்லிவிட்டார்: "சரிம்மா. உன் இஷ்டம்." அவர் வாயிலிருந்து அது வருமென்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை. அக்கா, "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்தது ஒரு ஆடிட்டர் வீடு. வீட்டம்மாவுக்கு ஒரே கோரிக்கை. "இந்தக் குப்பையெல்லாம் தூக்கிப் போட்டு, மூச்சு விட எடம் பண்ணிக் குடும்மா." குப்பை என்றால் சாதாரணக் குப்பை அல்ல. கம்பி ஒடிந்த குடை, காது போன கோப்பை, ஓடாத கடிகாரங்கள், யாருடையதென்று தெரியாத ஒற்றைச் செருப்பு. அளவெடுக்க நாடாவின் மறுமுனையைப் பிடிக்க அன்று நானும் போயிருந்தேன். அக்கா நாடாவையே எடுக்கவில்லை. குடையை எடுத்தாள்.

"இது யாரோடதுங்க?"

"அதுவா, தெரியலையே. கெடக்குது."

"எவ்ளோ நாளா இங்கயே இருக்கு?"

"ஒடஞ்ச குடைம்மா அது."

"சரிங்க. இந்தக் கோப்பைய யாராவது தொடாம வெச்சிருக்காங்களா?"

வீட்டம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஒற்றைச் செருப்பு வந்ததும் அவள் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, நான் டிசைனரத்தானே கூப்பிட்டேன்? போலீசையா கூப்பிட்டேன்?"

அக்கா வரைபடம் போட்டுக் கொடுத்தாள். அதற்குமுன் அப்படி ஒரு வரைபடத்தை யாரும் போட்டிருக்க முடியாது. குடை அதன் இடத்தில் இருந்தது. கோப்பை இருந்தது. கடிகாரங்கள், செருப்பு, சின்னச் சின்னப் பொருள் ஒவ்வொன்றும் உள்ளபடியே இருந்தது. மூச்சு விட இடம்தான் இல்லை.

"இது என் வீடு மாதிரியே இருக்கே!" என்றாள் வீட்டம்மா.

"ஆமாங்க" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு வந்த போன்களை அவள் எடுக்கவில்லை. நான் ஒருமுறை கேட்டேன், கேலியாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு: "ஒரு ஸ்டூலுக்காகவா இவ்ளோ?"

அவள் வரைபட மேசையில், என் பழைய மேசையில், தலையைக் கைமேல் வைத்துப் படுத்திருந்தாள். நிமிரவில்லை.

"ஸ்டூல் இல்லடா. நான் உக்காந்து பாத்தேன். கண்ணு முன்னாடி தெனமும் அவரு அதச் சுத்திப் போறதப் பாத்தேன். அவ்ளோ அழகா எல்லாத்தையும் பாத்துட்டு, இடிச்சுக்கப் போறாருன்னு எழுதினேன். இனிமே எந்த வீட்டுக்குள்ள போனாலும் நான் எதப் பாத்து என்னன்னு எழுதுவேன்?"

அம்மா உள்ளேயிருந்து, "எவ்ளோ நேரம் கவுந்து கெடப்ப, கழுத்து புடிச்சுக்கும்" என்று கத்தினாள். மேனேஜருக்கு அக்காவே போன் செய்தாள்.

மேசை என் அறைக்குத் திரும்பி வந்தது. அப்பாவும் நானும்தான் தூக்கினோம். கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ள வேண்டியிருந்தது. இப்போது காலை வெளிச்சம் மேசையின் பின்பக்கத்தில் பட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. அம்மா வந்து உட்காருவதில்லை. இழுப்பறைக்குள் மிச்சமிருந்த பச்சை ஸ்டிக்கர் தாள்களை அக்காவிடம் நீட்டினேன். "வெச்சுக்கோ" என்றாள், பார்க்காமலே.

ஆபீசுக்குப் போன முதல் நாள் மாலை எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பழையபடி.

"என்ன வேலை குடுத்தாங்க?" என்றார் அப்பா.

"அதே வேலைதான். ரொம்பப் பழைய பகுதி ஒண்ணு. யாரு எழுதினாங்கன்னே தெரியல. யாரும் தொடறதில்ல. மத்ததெல்லாம் அதச் சுத்திக்கிட்டுத்தான் போகுது."

எனக்குக் கை நின்றுவிட்டது. "என்ன பண்ணினே?" என்றேன்.

"அழிச்சிட்டேன்."

தண்ணீர் எடுத்துக் குடித்தாள். டம்ளரை அதே இடத்தில் வைத்தாள்.

"யாரும் ஒண்ணும் கேக்கல."

"அப்பாடா" என்றாள் அம்மா.